வாய்க்கு விருப்பமானதைக் குடுங்கோ

என் சோற்றுக் கோப்பையில் யாராவது மீன் தலையை எடுத்து வைத்தால், இன்றைக்கும் நான் மீனைப் பார்ப்பதில்லை. வைத்தவரின் முகத்தைத்தான் பார்ப்பேன். எனக்குச் சந்தேகப் புத்தி என்று என் மகள் சொல்லுவாள். இருக்கட்டும். அந்தப் புத்தி சும்மா வந்ததல்ல. மூன்று மாதம் நல்ல சாப்பாடு போட்டுப் போட்டு எனக்குள் வளர்த்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் மீன் தலை என் கணவருக்கு, நடுத்துண்டு மகளுக்கு, வால் எனக்கு. யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. கலியாணம் முடித்துத் திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அகப்பை பிடித்தவள் நான். வாலை எனக்கு ஒதுக்கியவளும் நான்தான். எல்லாரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு, கறிச்சட்டிக்குள்ளேயே சோற்றைப் போட்டுப் பிரட்டிக் குசினிக்குள் இருந்து சாப்பிடுவேன். சில நாள் அதுவும் இல்லாமல் வெறுந்தேத்தண்ணியோடு பொழுது போய்விடும். இப்படிப் பல வருஷம் போன பிறகு வயிற்றுக்குள் ஒரு எரிவு வந்தது. சோடாவும் சுடுதண்ணியும் குடித்துக் கொஞ்சக் காலம் ஓட்டினேன். ஒருநாள் கிணற்றடியில் இரத்தமாகச் சத்தியெடுத்தேன். அதோடு ஓட்டம் நின்றது.

தூரத்து நகரமொன்றின் பெரிய ஆஸ்பத்திரியில் வெட்டினார்கள். வயிற்றுப்புண் என்றார்கள். அங்கே தமிழ் தெரிந்த ஒரு தாதி இருந்தார். ஆஸ்பத்திரியில் தாதிமாரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அந்த மிஸ்ஸிதான், வயிற்றில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டு மிச்சத்தைக் குடலோடு சேர்த்துத் தைத்திருப்பதாக எனக்கு விளங்கப்படுத்தினார். உள்ளங்கையைக் குவித்துக் காட்டி, "இனி உங்கட வயிறு இவ்வளவுதான்" என்றார். முதலில் கஞ்சித்தண்ணி, பிறகு குழைந்த சோறு, பிறகு மெல்ல மெல்ல மற்றதெல்லாம். பாணும் இறைச்சியும் கணவாயும் கடைசியிலேயும் கடைசி. நான் தலையாட்டிக்கொண்டு கிடந்தேன். அவர் சொன்னதில் பாதி மயக்கத்தோடு போய்விட்டது.

வீட்டுக்கு விடுகிற நாள் காலையில், டொக்டர் என் கணவரை விறாந்தைக்குக் கூப்பிட்டு இங்கிலீசில் ஏதோ சொன்னார். என் கணவர் துறைமுகத்தில் கிளாக்கர். கப்பல்காரரோடு கதைத்துப் பழகிய இங்கிலீசு அவரிடம் நிறைய உண்டு. நான் கட்டிலில் இருந்தபடி கதவு வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். டொக்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவர் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு சிரித்துக்கொண்டு உள்ளே வந்தார். காரணமில்லாமல் சிரிக்கிற மனிதர் அல்ல அவர்.

"டொக்டர் என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை. எல்லாம் நல்லாயிருக்காம். மூண்டு மாதம் கழிச்சு வரட்டாம்."

"பத்தியம்?"

"பத்தியம் ஒண்டும் வேண்டாமாம். வாய்க்கு விருப்பமானதைக் கொஞ்சங் கொஞ்சமாக் குடுக்கச் சொன்னவர். கேட்டதை மறுக்க வேண்டாமாம்."

எங்கள் பக்கத்தில் டொக்டர்மார் இந்த வசனத்தை எப்போது சொல்லுவார்கள் என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பிழைக்கிற ஆளுக்குப் பத்தியம் சொல்லுவார்கள். உறைப்பு ஆகாது, புளி ஆகாது, கத்தரிக்காய் ஆகாது என்று நீட்டி முழக்குவார்கள். பிழைக்காத ஆளுக்குத்தான் வாய்க்கு விருப்பமானதைக் குடுங்கோ என்பார்கள். அதைக் கேட்டால் வீட்டுக்காரர் மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்கள். ஆசையை வைத்துக்கொண்டு உயிர் போகக்கூடாது என்று, காலமில்லாத காலத்தில் மாம்பழம் தேடி அலைவார்கள். அப்படித் தேடி அலைந்த வீடுகளில் கொஞ்ச நாளில் நடந்த செத்தவீடுகளுக்கு நானும் போயிருக்கிறேன்.

வயிற்றுப்புண் என்று எனக்குச் சொன்னது பொய், உள்ளே இருந்தது புற்றுநோய் என்று பஸ்ஸிலேயே முடிவு கட்டிவிட்டேன். என் மகளுக்கு அப்போது பதினாலு வயது. வழி முழுக்க அவளுடைய நினைப்புத்தான்.

வீட்டு வாசலில் மச்சாள் நின்றார். மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. புருஷனை இழந்து ஈச்சிலம்பற்றில் வயலும் மாடுமாகத் தனியே இருந்தவர். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வீட்டைப் பார்க்க வந்திருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் கலியாணத்தன்றே கொளுவல் தொடங்கியது. நான் வைத்த தேங்காய்ப்பால் சொதியைக் கிண்டிப் பார்த்து "இதுக்குள்ள ஆர் குளிச்சது?" என்று கேட்டவர். என் கையால் ஒரு நல்ல சாப்பாடு சாப்பிட்டதாக ஒருநாளும் ஒப்புக்கொள்ளாதவர். என்னைப் பெயரோ முறையோ சொல்லாமல் "இஞ்சாரும்" என்று மட்டுந்தான் கூப்பிடுவார்.

அந்த மச்சாள் என் கையைப் பிடித்து, "வா பிள்ளை, மெல்ல வா" என்றார்.

பிள்ளை! நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன், வேறு யாரையும் சொல்கிறாரோ என்று. பிறகு அவருடைய இடுப்பைப் பார்த்தேன். என் அலுமாரியைப் பூட்டித் திறக்கிற திறப்பு அங்கே தொங்கியது. நான் உயிரோடு இருக்கும்போதே திறப்பு கை மாறிவிட்டது.

அதன்பிறகு சாப்பாடு வரத் தொடங்கியது. அது பேக்கரி வாசலில் பாணுக்கு விடியமுன்பே வரிசையில் நின்ற காலம். செத்தல் மிளகாயைக் கண்ணால் காண ஏலாது. சீனி கூப்பனுக்கு மட்டும், அதுவும் கடுகளவு. அந்தக் கூப்பன் சீனி முழுவதும் என் கிண்ணத்துக்கு வந்தது. என் கணவர் தேத்தண்ணியை வெறுமையாகக் குடித்துவிட்டு, "எனக்கு இப்ப இப்பிடித்தான் பிடிக்குது" என்றார். இரண்டு கரண்டி சீனி போட்டாலும் போதாதென்று கிண்டிப் பார்க்கிற ஆள் சொல்லுகிற கதையா இது?

முதல் சில கிழமை கஞ்சி, பிறகு குழைந்த சோறு, இடியப்பத்தைச் சொதியில் ஊற வைத்தது. அதெல்லாம் மெல்ல இறங்கியது. ஒரு சின்னக் கிண்ணம் சாப்பிட்டால் கழுத்து வரைக்கும் நிறைந்துவிடும். பிறகு மச்சாள் சர்க்கரைப் புக்கை கிண்டினார். பயறு போட்டு, தேங்காய்ப்பால் விட்டு, ஈச்சிலம்பற்றிலிருந்து வந்த தேனையும் ஊற்றி, பக்கத்திலிருந்து ஊட்டிவிட்டார். ருசியாகத்தான் இருந்தது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றியது. நெஞ்சு படபடவென்று அடித்தது. காது அடைத்து, வயிறு புரட்டி, பாயில் சரிந்துவிட்டேன். மச்சாள் விசிறியை எடுத்து வீசத் தொடங்கினார். என் கணவர் கதவுநிலையில் நின்று, "அக்கா, இதுதானோ?" என்று கேட்டது கிணற்றுக்குள்ளிருந்து போல என் காதில் விழுந்தது. மச்சாள் அவரைப் பார்த்து ஒரு முறை முறைத்தார். எனக்குக் காது அடைத்திருந்ததே தவிரக் கண் அடைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. எழும்பி இருந்தேன். ஆனால் அன்றைக்கு மூன்று பேருக்கும் ஒரே விஷயம் உறுதியாகிவிட்டது. அதை மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டு மறைத்தோம். அடுத்த நாள் மச்சாள் இன்னும் கொஞ்சம் கூடத் தேன் விட்டார்.

அயல் வீட்டுக்காரி கிண்ணியாவிலிருந்து கலியாணம் முடித்து வந்தவள். நல்ல கைப்பக்குவம், அதைவிட நல்ல வாய். வேலிக்கு மேலாக நாங்கள் கதைக்காத கதை இல்லை. அவள் ஒருநாள் வட்டிலப்பம் கொண்டு வந்தாள். முட்டையும் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் கலந்து அவித்தது. பெருநாளைக்கு மட்டும் செய்வாள், இப்போது பெருநாளும் இல்லை.

"ஒரு வாய் தின்டு பாருங்க அக்கா. அல்லா எல்லாத்தையும் லேசாக்குவான்" என்றாள்.

லேசாக்குவான் என்ற சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வாய் சாப்பிட்டேன். அவள் போக எழும்பியவள் திரும்பவும் இருந்து, சீலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, "நான் எப்பவாச்சும் பிழையா ஏதும் கதைச்சிருந்தா மன்னிச்சிருங்க அக்கா" என்றாள்.

எங்கள் கோழி அவளுடைய கீரைப் பாத்தியைக் கிளறியதற்கு அவள் என்னைப் பேசாத பேச்சில்லை. அதற்கெல்லாம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. சாகப்போகிற ஆளிடம் கணக்குத் தீர்க்கத்தானே இப்படிக் கேட்பார்கள்? "ஆரடி உனக்குச் சொன்னது?" என்று கேட்டேன். "ஒருத்தரும் சொல்லல்ல" என்று அவசரமாகப் போய்விட்டாள். அவள் போய்க் கொஞ்ச நேரத்தில் எனக்கு வேர்த்து ஊற்றத் தொடங்கியது.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். காணிச் சண்டையில் பேச்சை நிறுத்திய சொந்தக்காரர் மூதூரிலிருந்து குடாவைக் கடந்து லோஞ்சில் வந்தார். எருமைத் தயிர் கொண்டுவந்து வைத்துவிட்டு, காணியைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்து, "இப்ப முகம் தெளிஞ்சிருக்கு" என்றார்கள். என் ரவிக்கை தோளிலிருந்து நழுவி விழுந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் என் கழுத்தெலும்பை நானே பார்த்திருந்தேன்.

இவற்றையெல்லாம் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாமல் போனது ஒன்றுதான். ஒருநாள் குசினிப் பக்கம் போனபோது, மச்சாள் என் மகளை அடுப்படியில் இருத்தி, கறிக்கு எப்போது உப்புப் போடுவது, பால் எப்போது விடுவது என்று பழக்கிக்கொண்டிருந்தார். "அப்பாவுக்குப் புளி கூடப் பிடிக்கும். ஞாபகம் வைச்சுக்கொள்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. மகள் அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிள்ளை எல்லாருக்கும் போட்டுவிட்டு வாலை எடுத்துக்கொண்டு தனியே இருக்கப்போகிறாளே என்று பாயில் கிடந்து அழுதேன்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. என்னைச் சாகவிடுகிறவர்கள் வாயைத் திறந்து சொல்லட்டுமே. சொல்லமாட்டார்கள் என்றால் நான் சொல்ல வைக்கிறேன் என்று, கேட்கக்கூடாத சாமானாகப் பார்த்துக் கேட்கத் தொடங்கினேன். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், "உது உமக்குக் கூடாது" என்று சொன்னால் போதும். நான் பிழைப்பேன் என்று நம்பிவிடுவேன்.

முதலில் பாண் கேட்டேன். மறுக்கவில்லை. என் கணவர் கும்மிருட்டில் எழும்பிப் போய் வரிசையில் நின்று வாங்கி வந்து, கரையைப் பிய்த்து என் கையில் தந்தார். இரண்டு கடி. மா உருண்டையாகி நெஞ்சுக்குள் நின்றுவிட்டது. மேலும் வராது, கீழும் போகாது. கடைசியில் கிணற்றடியில் துப்பினேன். "பரவாயில்லை, நாளைக்கும் வாங்கி வாறன்" என்றார். அடுத்ததாக மாங்காய் ஊறுகாய் கேட்டேன். மச்சாள் சாடியோடு கொண்டு வந்து வைத்தார். வெட்டிய வயிற்றுக்கு உறைப்பைக் கொடுக்கிறோமே என்ற கவலை ஒரு துளி அந்த முகத்தில் இல்லை. பலாக்கொட்டை கேட்டேன், அவித்து வந்தது. பொரித்த இறைச்சி கேட்டேன், அதுவும் வந்தது. கேட்டது வரவர எனக்குப் பயம் கூடியது. தின்ன ஏலாமல் கோப்பையைத் தள்ளினால், "வேற என்ன வேணும் பிள்ளை?" என்று கேட்பார்கள்.

கடைசியில் கணவாய் கேட்டேன். ஆஸ்பத்திரி மிஸ்ஸி சொன்னதில் எனக்கு நல்லாக ஞாபகம் இருந்தது அது ஒன்றுதான். கடைசியிலேயும் கடைசி.

"கணவாயோ?" என்று என் கணவர் கேட்டார். ஒரு கணம் அவர் முகம் சுருங்கியது. ஏலாது என்று சொல்லுங்கோ என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். அவர் சேட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். கரைவலைக்காரரிடம் கிடைக்கவில்லை என்று நிலாவெளி வரைக்கும் மிதித்துப் போய் வாங்கி வந்தார். மச்சாள் எங்கேயோ தேடிப்பிடித்த மிளகாய்த்தூளும் பெருஞ்சீரகமும் போட்டுப் பிரட்டல் வைத்தார். வாசம் வீடு முழுக்க இருந்தது. சாப்பிட்டேன். ஒரு துண்டு, இரண்டு துண்டு. மூன்றாவது துண்டில் நெஞ்சு அடைத்தது. மூச்சு முட்டி, கண்ணீர் வழிந்து, அன்றைக்குச் சாவு வந்தேவிட்டது என்று நினைத்தேன். மச்சாள் முதுகில் குத்தி, தலையைக் குனியப் பிடித்து, எப்படியோ வெளியே எடுத்துவிட்டார்.

அப்போதும் ஒருவரும் என்னைப் பேசவில்லை. என் கணவர் கிணற்றடியில் தண்ணி ஊற்றி இடத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். முதுகு என் பக்கம். தோள் குலுங்கியது.

பின்னால் போய் நின்று, "உண்மையைச் சொல்லுங்கோ. டொக்டர் என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"அண்டைக்கே சொன்னனானெல்லோ. என்ன விசர்க் கதை கதைக்கிறீர்?" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று மாதம் முடிந்தது. கிளினிக்குக்குப் போகவேண்டும் என்று நான் சொன்னேன். அவர் இழுத்தார். "இந்த உடம்போட எதுக்கு அலைச்சல்? ஆறுதலாப் போவம்" என்றார். பார்த்தீர்களா, கொண்டுபோய் என்ன பயன் என்று நினைக்கிறார். நான் சீலையை மாற்றிக்கொண்டு வாசலில் போய் நின்றுவிட்டேன். என் கதையை என் காதால் கேட்டுவிட்டுத்தான் மறுவேலை.

டொக்டர் என் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கண் மடலை இழுத்துப் பார்த்தார், நிறுத்துப் பார்த்து முகம் சுளித்தார். அதே மிஸ்ஸி பக்கத்தில் நின்றார். என் கணவர் கதிரை நுனியில் இருந்து தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"மிஸ்ஸி, டொக்டரிட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ. நான் எப்ப சாவன்?"

மிஸ்ஸி ஒருமுறை விழித்துவிட்டு அதை அப்படியே டொக்டருக்குச் சொன்னார். டொக்டர் எழுதுவதை நிறுத்தினார். இரண்டு பேரும் ஏதோ கதைத்தார்கள்.

"ஆர் உங்களைச் சாகச் சொன்னது எண்டு டொக்டர் கேக்கிறார்."

"வாய்க்கு விருப்பமானதைக் குடுக்கச் சொன்னவரெல்லோ? என்னட்டை ஒளிக்க வேண்டாம். எனக்குப் புற்றுநோய்தானே?"

மிஸ்ஸி சிரித்தார். டொக்டர் சிரிக்கவில்லை. வெட்டி எடுத்ததைச் சோதித்துப் பார்த்ததாகவும், அது வெறும் புண்தான் என்றும், இதை அன்றைக்கே சொன்னதாகவும் மிஸ்ஸி மூலம் சொன்னார். அத்தனை மெலிந்த மனிசிக்குக் கஞ்சியையே கொடுத்துக்கொண்டிருந்தால் வெறுத்துப்போய் ஒன்றும் தின்னமாட்டாள், விரும்பியதைக் கொடுத்தால் கொஞ்சமாவது தின்னுவாள் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னாராம். மெல்ல மெல்ல, ஒவ்வொன்றாக என்றும் சொன்னாராம். பிறகு, இந்த மூன்று மாதமும் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்.

நான் சொல்லத் தொடங்கினேன். சர்க்கரைப் புக்கை, தேன், வட்டிலப்பம், சீனி போட்ட எருமைத் தயிர். மிஸ்ஸியின் சிரிப்பு நின்றது. ஊறுகாய், பலாக்கொட்டை, பொரித்த இறைச்சி, கணவாய்ப் பிரட்டல். டொக்டர் பேனையை மேசையில் வைத்துவிட்டு என் கணவரைப் பார்த்து இங்கிலீசில் ஏசினார். ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் அப்படி ஒரு இனிமையான ஏச்சை நான் அதற்கு முன் கேட்டதில்லை. என் கணவர் கதிரையை விட்டு எழும்பி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கைகட்டி நின்றார்.

சின்ன வயிற்றில் இனிப்பு நிற்காதாம், நேரே குடலுக்குள் போய் விழுமாம், அதனால்தான் வேர்வையும் படபடப்பும் என்று மிஸ்ஸி விளங்கப்படுத்தினார். அது சாவு இல்லையாம், சீனியாம். பிறகு சொல்லத் தொடங்கினார்: இனிப்புக் கூடாது. சோற்றோடு தண்ணி குடிக்கக் கூடாது. படுத்துக்கொண்டு தின்னக் கூடாது. புதுச் சாமானை நாளுக்கு ஒன்றாகத்தான் வாயில் வைக்க வேண்டும், குழையும் மட்டும் மெல்ல வேண்டும். பாண் இப்போதைக்குக் கூடாது. ஊறுகாய் கூடவே கூடாது. கணவாயின் பேச்சையே எடுக்கக் கூடாது. ஒவ்வொரு கூடாதும் காதில் விழ விழ எனக்கு உடம்பு தேறியது. இன்னும் ஏதாவது கூடாதா என்று கேட்டேன். எனக்குப் பத்தியம் சொல்லிவிட்டார்கள்!

பஸ் வரும் வரைக்கும் ஒரு மரத்தடியில் இருந்தோம். அவர் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் சாகப்போறன் எண்டுதான் நீங்களும் நினைச்சனீங்கள்?"

"ஓம்" என்றார். "புண்தான் எண்டு டொக்டர் சொன்னதை நான் நம்பேல்லை. எங்கட அப்பாவுக்கும் இப்பிடித்தான் ஒரு விறாந்தையில வைச்சுச் சொன்னவை. வாய்க்கு விருப்பமானதைக் குடுங்கோ எண்டு. அவர் நண்டு கேட்டவர். அக்கா தேடிப்பிடிச்சுக் காய்ச்சிக்கொண்டு வர முன்னம் ஆள் முடிஞ்சு போச்சு. அக்கா அதை இண்டைக்கும் சொல்லி அழுறவ. அதுதான் உமக்கு ஒண்டும் குறைவைக்கக் கூடாது எண்டு..."

கடுமையாகப் பேசவேண்டும் என்று நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "ஒரு கேள்வி திருப்பிக் கேட்டிருக்கலாமே மனிசன்" என்று மட்டும் சொன்னேன். "அதுக்குப் பிறகு ஆர் கேள்வி கேக்கிறது?" என்றார். அதுவும் நியாயந்தான். நானும் கேட்கவில்லையே.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மச்சாளுக்குச் சொன்னார். மச்சாள் குந்தி இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர், கேட்டு முடியும் வரைக்கும் தலையை நிமிர்த்தவில்லை. பிறகு எழும்பி, கையைச் சீலையில் துடைத்து, இடுப்பிலிருந்த அலுமாரித் திறப்பை எடுத்து என் மடியில் போட்டார். "உம்மட சாமான். எனக்கென்னத்துக்கு?" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார். அங்கே சட்டி முட்டி உருளுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

அடுத்த நாள் மத்தியானம் பாரைமீன் குழம்பு. என் மகள் காய்ச்சியது. மச்சாள் அகப்பையோடு இருந்தார். மூன்று மாதப் பழக்கத்தில் நான் முதல் ஆளாகக் கோப்பையை நீட்டி, தலை வரட்டும் என்று காத்திருந்தேன். அகப்பைக் காம்பு என் மணிக்கட்டில் படாரென்று விழுந்தது.

"கையை எடும். தலை தம்பிக்கு."

என் கணவர், "பரவாயில்லை அக்கா, அவவுக்கே..." என்று தொடங்கினார். மச்சாள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு தலையை வாங்கிக்கொண்டார். மகளுக்கு நடுத்துண்டு போனது. எனக்குக் கொஞ்சச் சோறும் வாலும் வந்தன.

"இஞ்சாரும், முள்ளுப் பார்த்துத் தின்னும். மெண்டு தின்னும். அவசரப்பட்டு விழுங்கிப்போட்டுக் கிணத்தடிக்கு ஓடினீரோ, நான் பின்னால வந்து முதுகு தடவமாட்டன், சொல்லிப்போட்டன்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கண் சிவந்து, மூக்கு விடைத்து, நல்ல கோபம். மூன்று மாதமாக ஒவ்வொரு முகத்திலும் எதையோ தேடிக்கொண்டிருந்தவளுக்கு, அந்த முகத்தில் தேட ஒன்றும் இருக்கவில்லை. வாலில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்து மென்றேன். உப்புச் சரியாக இருந்தது. கண்ணீர் தானாக வழிந்தது.

"என்ன, முள்ளோ?" என்று மச்சாள் அதட்டினார்.

"ஓம், முள்ளு" என்றேன்.

"பார்த்துத் தின்னச் சொன்னனானெல்லோ! ஒரு சொல்லுக் கேக்கிற மனிசியே இது!" என்று தொடங்கினார். இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்று, அந்த வால் துண்டை நான் ஆறுதலாக மென்றுகொண்டிருந்தேன்.